ஒரு சாண் கூடவிட்ட கயிறு

20.4.1985 சனி

நல்ல வெயில். சண்டிலிப்பாய்ச் சனம் முழுக்க இன்றைக்குத்தான் மண்ணெண்ணெய் வாங்க வந்தது போல என் கடையில் கூட்டம். பள்ளிக்கூடக் கிளாக்கர் ஏர்னெஸ்ட் பெற்றோல்மக்ஸ் விளக்குக்கு மென்டில் வாங்க ஒன்பது மணிக்கு வந்தவர், பன்னிரண்டு மணி மட்டும் வாசல் மர வாங்கிலை விட்டு எழும்பவில்லை. மனுசனுக்கு வாய் ஓயாது. என் மனைவி குணலட்சுமி இரண்டு தரம் தேத்தண்ணீர் கொடுத்தாள். அவளுக்கு ஆறாம் மாதம். ஏர்னெஸ்டின் மனைவி வினிபிரட்தான் எங்கள் பக்கத்து மருத்துவிச்சி, ஊருக்கு மிஸி. "பிள்ளைப்பேறு நேரம் மிஸி உம்மைத்தான் பேசுவா, வாய் காட்டாமல் நில்லும்" என்று எனக்கு இப்போதே புத்திமதி. அவர் போனபிறகு கடை வெறிச்சென்று கிடந்தது.

22.4.1985

பின்னேரம் பஞ்சலிங்கம் வந்தான். முருகேசு வாத்தியாரின் மகன், இயக்கத்தில் சேர்ந்து இரண்டு வருசம். "அண்ணை, தும்புக் கயிறு நாலு பாகம் தாங்கோ. நல்ல முறுக்கானதாப் பாத்து."

இரண்டு கையையும் விரித்து நாலு தரம் அளந்தேன். வழக்கம்போல் ஒரு சாண் கூடவிட்டு வெட்டினேன். மாட்டுக்கோ, கிணற்றுக்கோ என்று கேட்க வாய் வந்தது. அவன் இடுப்பில் செருகியிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

23.4.1985

ஏர்னெஸ்டைச் சந்தி விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுட்டுவிட்டார்கள்.

காலை ஏழு மணி. நான் போனபோது உயிரோடு நின்றார். வாய் உடைந்து சட்டை முன்பக்கம் முழுக்க இரத்தம். கழுத்தில் மட்டை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆமி முகாமுக்குப் போய் ஆட்களைக் காட்டிக்கொடுத்த துரோகி என்று எழுதியிருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் என் கடை வாங்கிலில் இருந்தார்.

பஞ்சலிங்கம் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான்: "ஆருக்கும் ஏதும் சொல்லக் கிடக்கோ?" ஏர்னெஸ்ட் தலையை நிமிர்த்தித் தேடினார். என்னைக் கண்டுவிட்டார். "பரமலிங்கம், நீர் சொல்லுமன்" என்றார். அவ்வளவுதான். கெஞ்சவில்லை.

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

இரண்டு வெடி. முகத்தில் பாதி இல்லை. தலை தொங்கிய பிறகும் உடம்பு விழவில்லை, நல்ல கயிறு. முடிச்சுக்குக் கீழே ஒரு சாண் மிச்சமாகத் தொங்கி ஆடியது. அது நான் விட்ட சாண். திரும்பினால் பின்னால் குணலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வெடிச் சத்தத்துக்கு ஓடி வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

24.4.1985

கடையில் இருந்த கயிறு முழுவதையும் வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் எறிந்து நெருப்பு வைத்தேன்.

5.5.1985

நேற்றுச் சித்திரைப் பறுவம், இரவு கிரகணம். காலையில் எங்களோடு இருக்கிற என் சின்னாச்சிப் பெரியம்மா குணலட்சுமியின் பாயடியில் பாக்குச் சீவல் கண்டுவிட்டார். "கிரகணத்துக்கை பாக்கு வெட்டினியோ? வயித்திலை பிள்ளையோடையோ?" குணலட்சுமி, "நித்திரை வரேல்லை மாமி, கண்ணை மூடினால் அந்தக் கம்பம்தான்" என்றாள். பெரியம்மா பாக்குவெட்டியைப் பறித்து எறிந்தார்.

27.7.1985

பெண் பிள்ளை.

ஊரடங்கு, வேறு மருத்துவிச்சிக்கு வழியில்லை. வினிபிரட்தான் வந்தார். வெள்ளைச் சேலை. தாலி கழற்றி மூன்று மாதம். வாசலில் என்னைப் பார்க்காமல் "சுடுதண்ணி" என்று மட்டும் கேட்டு உள்ளே போனார். விடியப் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "கை இரண்டும் மணிக்கட்டிலை உள்ளுக்கு மடிஞ்சு கிடக்கு. மற்றதெல்லாம் சுகம். நல்லாக் கத்துறாள்."

துணியை விலக்கிப் பார்த்தேன். இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே ஒன்றோடொன்று வைத்துக் கட்டிவிட்டது போல. கட்டிவிட்டது போல. எனக்கு வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

2.8.1985

பிள்ளை பெற்ற துடக்குக் கழிய முன்பே பெரியம்மா தொடங்கிவிட்டார். "பாக்கு வெட்டின கை, பிள்ளையின்ரை கையை வெட்டிப்போட்டுது." பார்க்க வந்த பெண்களும் ஓம் ஓம் என்கிறார்கள். குணலட்சுமி என்னைப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கோவன்."

சொல்லுமன் என்று ஏர்னெஸ்ட் கேட்டதுபோலவே கேட்டாள். அறைந்துவிட்டேன். பால் கொடுத்துக்கொண்டிருந்தவளை. உதடு வெடித்து இரத்தம் பிள்ளையின் நெற்றியில் விழுந்தது.

ஏன் அடித்தேன்? காரணம் எனக்குத் தெரியும். கிரகணம் என்று ஊர் சொன்னால் கயிறு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் மிருகம்.

11.9.1985

பிள்ளைக்கு ஏன் இப்படி என்று கோயில் ஐயரிடம் கேட்டேன். முற்பிறப்பு வினை என்றார். யாருடைய வினை, பிள்ளையினதோ பெற்றவர்களினதோ? "இரண்டும்தான்" என்றார். இரண்டு பக்கமும் பூசிவிட்டார். சுண்ணாம்பு வாங்க வந்த போதகர் ஜெபரட்ணத்திடமும் கேட்டேன். கர்த்தர் ஒரு நோக்கத்தோடுதான் செய்வார் என்றார். என்ன நோக்கம் என்றேன். அது மனிதருக்குத் தெரியாதாம். அவருக்கும் தெரியாது, ஆனால் மரியாதையாகத் தெரியாது.

எனக்குத் தெரியும். யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

18.6.1986

இணுவில் கந்தசாமி கோயில் வீதியில் மூன்று தரம் பிரதட்டை அடித்தேன். கல் கிழித்து முதுகெல்லாம் இரத்தம். பிள்ளைக்காக உருளுகிற தகப்பன் என்று சனம் கையெடுத்துக் கும்பிட்டது. நான் முருகனிடம் பிள்ளையின் கையைக் கேட்கவேயில்லை. நான் செய்ததற்கு நீ தந்துவிட்டாய், இனி நீயும் நானும் சரி என்றுதான் சொன்னேன். ஒரு வருசத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

2.3.1987

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

பிள்ளை மீனாம்பிகைக்கு ஊசி போட வினிபிரட் வந்தார். குணலட்சுமி கிணற்றடியில். என்ன பேய் பிடித்ததோ, அவர் காலடியில் இருந்துவிட்டேன். கயிறு நான் கொடுத்தது என்றேன். சனிக்கிழமை ஏர்னெஸ்ட் என் கடையில் இருந்தார், அவர் கேட்டும் நான் வாய் திறக்கவில்லை என்றேன். "அதுக்குத்தான் மிஸி கடவுள் என்ரை பிள்ளையின்ரை கையைக் கட்டிப்போட்டார். எனக்குத் தண்டனை கிடைச்சிட்டுது. நீங்கள் மன்னிக்கவேணும்."

அவர் ஊசியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"பிள்ளை எப்ப தரிச்சது?"

"ஐப்பசி... எண்பத்துநாலு."

"வயித்திலை பிள்ளைக்குக் கை வாறது இரண்டாம் மூண்டாம் மாதம். மார்கழியிலையே அந்தக் கை அப்பிடித்தான். என்ரை மனுசனைக் கட்டினது சித்திரை. கிரகணம் அதுக்கும் பிறகு. நான் இருபது வருசமாப் பிள்ளை எடுக்கிறன். கடவுள் நாலு மாதம் முந்தியே ஆளைப் பிடிச்சுத் தண்டிக்கிறவரோ?"

மிஸி பெட்டி மூடியைச் சாத்தினார்.

"ஏன் உப்பிடி வந்தது எண்டு எனக்குத் தெரியாது. உலகத்திலை ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் இந்தப் பிள்ளையைக் காட்டி நீர் செய்ததுக்கு ஈடு கட்டிப்போட்டன் எண்டு சொல்லாதையும். அது உம்மடை பிள்ளை, உம்மடை தண்டனை இல்லை. அவருக்கு நீர் செய்தது இன்னும் அப்பிடியேதான் கிடக்கு. என்னட்டைச் சொல்லி என்ன, எனக்குத் தெரியாதே அவர் துரோகி இல்லையெண்டு? அண்டைக்குச் சந்தியிலை நிண்ட சனத்துக்குச் சொல்லும்."

பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். மன்னிக்கிறேன் என்று சொல்லவில்லை.

3.3.1987

இந்தக் கொப்பியைப் புரட்டினேன். எல்லாம் திகதியோடு என் கையெழுத்திலேயே கிடக்கிறது. விரல்விட்டு எண்ணினேன். மிஸி சொன்னது சரி.

அப்படியென்றால் எனக்கு இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வருசமாக என் குழந்தையை முன்னால் நிறுத்தி ஒளித்திருந்திருக்கிறேன். குழந்தை மட்டுமா? குணலட்சுமியையும்தான். மதியம் குணலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாக்குவெட்டியை எடுத்து எறிந்தாள். என் புருவத்துக்கு மேலே எலும்பு தெரியப் பிளந்துவிட்டது. "தெரிஞ்சுகொண்டோ? தெரிஞ்சுகொண்டோ என்னை அடிச்சனீங்கள்?" என்றாள். பிறகு என்னோடு கதைக்கவில்லை.

22.4.1987

நாளைக்கு ஏர்னெஸ்டின் இரண்டாம் ஆண்டு நினைவு ஆராதனை. போவேன். மூன்று தரம் கக்கூசுக்குப் போய்விட்டேன். குணலட்சுமி என் வேட்டியைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறாள். கதைக்கவில்லை.

9.5.1987

இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணல். கொப்பியை இன்றைக்குத்தான் வினிபிரட் கொண்டுவந்து தந்தார்.

அன்றைக்குத் தேவாலயத்தில் பதினொரு பேர். ஜெபம் முடிய எழும்பி, 20.4.85 என்று போட்டிருக்கிற பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். பிறகு 23ஆம் திகதியையும். செருப்பைப் பார்த்தேன் என்ற வரியையும் விடாமல் வாசித்தேன். வெளியே மதிலோடு நின்ற சனமும் கேட்டது. கொப்பியை வினிபிரட்டின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

பின்னேரமே இயக்கக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். எட்டு நாள். பஞ்சலிங்கம் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான் கேட்டான். "கொப்பி எங்கை அண்ணை?" சொல்லாத ஒவ்வொரு தரத்துக்கும் இரும்புக் கம்பியால் வலது கையில். மூன்றாம் நாள் மணிக்கட்டு நொருங்கிய சத்தம் எனக்கே கேட்டது. மலசலத்தோடு கிடந்தேன். கத்தினேன், அம்மா என்று கத்தினேன். கொப்பி எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. பிறகு முருகேசு வாத்தியார் வந்து மகனின் காலில் விழுந்தாராம். விட்டார்கள். இந்தக் கை இனி அளக்காது.

இந்த இரண்டு கிழமையில் பதினாறு வீட்டுக்காரர் ஏர்னெஸ்ட் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வந்திருக்கிறார்களாம். இரண்டு வருசமாக அந்தப் படலையை ஒருவரும் திறந்ததில்லை. மிஸிதான் அதைச் சொன்னார். என் கைக் கட்டுத் துணியை மாற்றிவிட்டார்.

பெரியம்மா என் கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஆர் செய்த வினையோ, எந்தப் பிறப்புப் பாவமோ."

"பெரியம்மா," என்றேன், "இது பஞ்சலிங்கம் செய்தது. கம்பியாலை. நான் பாத்துக்கொண்டு கிடந்தனான்."

மத்தியானம் மீனாம்பிகை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் கோப்பையை இறுக்கிப் பிடித்துத் தண்ணீர் குடித்தாள், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான் இடது கையால் உடுத்திருந்த சாரம் முழுக்க ஊற்றிக்கொண்டேன். குணலட்சுமி ஒரே தட்டில் சோறு குழைத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து இருந்தாள். முதல் வாய் பிள்ளைக்குத் தீத்தினாள். அடுத்த வாயை என் பக்கம் நீட்டினாள். இன்னும் என்னோடு கதைக்கவில்லை.