புச்காவுக்கு முன் ஜெபம்

இல்லை மக்கா, கோபமெல்லாம் இல்லை. குழம்பிப்போய்த்தான் இருக்கிறேன். போனில் சொன்னால் உடனே சரி சரி என்பாய், அதனால் எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை சிஜினும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அங்கே சுகமாயிருக்க வேண்டுமென்பதுதான் தினமும் ஜெபத்தில்.

தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வரவில்லை, கொல்கத்தாவிலேயே பெற்றுக்கொள்கிறேன், நீ வாம்மா என்கிறாய். இங்கே மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. அடுத்த வீட்டு ஜெயபாய் பெரியம்மை வந்து பார்த்துவிட்டு, "ஏட்டி பூங்கனி, பிள்ள வரலேண்ணா இதுக்குள்ள கோழியா வளக்கப்போற?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அனுப்பிய ஏத்தங்காய் வற்றலும் முந்திரிக்கொத்தும் அப்படியே கிடக்கிறது, வாய்க்குப் பிடிப்பது தெருவில் விற்கும் புச்கா மட்டும்தான் என்கிறாய். பானிபூரியா என்றேன். அது வேற, இது வேற என்று சிரித்தாய். என்ன வேறு என்று விளங்கவில்லை. அதைத் தின்று பார்த்தால் உன் மனதும் விளங்கிவிடும் என்று ஏன் தோன்றியதோ.

இரணியல் ஸ்டேஷன் ரோட்டில் ரபிகுல் என்று ஒரு வங்காளி தள்ளுவண்டி போட்டிருக்கிறார். போனேன். முதலில் ஜால்முரி. பொரி, வெங்காயம், பச்சைமிளகாய், கடுகெண்ணெய். எண்ணெய் வாசம் மூக்கில் ஏறிக் கண் கலங்கிவிட்டது. மேலே ஒரு தேங்காய்க் கீற்று, அது ஒன்றுதான் தெரிந்த முகம். பிறகு புச்கா. பூரியை விரலால் உடைத்து, பிசைந்த உருளைக்கிழங்கு வைத்து, புளித்தண்ணீரில் முக்கிக் கையில் தந்தார். வழக்கம்போலக் கண்ணை மூடி ஜெபித்தேன். உனக்காகக் கொஞ்சம் கூடுதலாக. ஆமென் சொல்லிக் கண் திறந்தால் பூரி நைந்து, தண்ணீர் முழுக்கச் சேலையில். இன்னொன்று தந்தார். மறுபடி கண்ணை மூடினேன். "வேகம் தின்னு அம்மா, பிரார்த்தனை பின்னே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெபிக்காமல் எப்படித் தின்பது. காத்திருந்தால் இல்லாமல் போகிற ஒன்றை என்ன செய்வது. கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

மகள் கொல்கத்தாவில் மாசமாயிருக்கிறாள், இதைத்தான் தின்கிறாள் என்றேன். ஊரில், மால்டாவில் தன் மனைவியும் மாசம்தான், அவளுக்கும் இதுதான் என்றார். கூட யார் என்று கேட்டேன். "அவள் அம்மா உண்டு" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதுவே காதில் கிடந்தது. வெள்ளையடித்த அறைக்கு நான் ஏன் காவலிருக்கிறேன். ஆனால் அங்கே எனக்குப் பாஷை தெரியாது. பேறுகால மருந்து இடிக்க உரல் கிடைக்குமா தெரியாது. அப்பா தனியாக என்ன சாப்பிடுவார். கேட்டால், "நீ போ, நான் கஞ்சி வச்சுக் குடிப்பேன்" என்கிறார். அவருக்குக் கஞ்சி வைக்கவும் தெரியாது. என்ன செய்வதென்று எனக்குப் புரியவில்லை மக்கா.

வெறும் வயிற்றில் அதைத் தின்னாதே. தண்ணீர் கொதிக்கவைத்ததா என்று கேட்டு வாங்கு. படிக்கட்டில் பார்த்து இறங்கு. கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் கண்மணிபோலக் காப்பார். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே.

உன் அம்மா,
பூங்கனி

மடித்ததை மறுபடி பிரித்து எழுதுகிறேன். வீட்டிலேயே ஜெபித்துவிட்டு இரணியலுக்குப் போனேன். இரண்டு தின்றேன். சேலை நனையவில்லை. திரும்பி வந்து அப்பாவிடம் சொல்லி ஹவுரா வண்டிக்கு ஒரு டிக்கெட் போட்டேன்.