சேற்றில் நான் நட்ட மட்டிகள்

ஹொளெகொப்பா
பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை

மஸ்கட்டில் இருக்கும் என் மகள் நாகவேணிக்கு, அம்மா கணபி எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தை தன்வியும் அதுபோலவே இருக்க வேண்டும் என்று நம் ஊர் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மூன்று வாரமாக நீ கேட்டபோதெல்லாம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன், நாகு, அது பொய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், நீ அங்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரமாக இருக்கும், அன்று முழுக்க உனக்கு வேலை ஓடாது. பக்கத்து வீட்டு பிலோமினா வெள்ளிக்கிழமை தன் மகனைப் பார்க்க அங்கே வருகிறாள், மாவடு ஊறுகாயோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். தன்வியை மே மாதம் அழைத்து வந்து என் சேற்று வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு இறக்கிவிடப் போகிறேன் என்று சொல்லியிருந்தாய். டிக்கெட் போட்டுவிடாதே. வகுப்பு இல்லை. இனியும் இருக்காது. ஏன் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அக்டோபரில் மட்டி கொஞ்சம் செத்துக்கிடக்கிறது என்று உன்னிடம் சொன்னேன், நினைவிருக்கும். கொஞ்சம் இல்லை, மொத்தமும். படகுத்துறை கட்டுவதற்காக ஆற்று முகத்துவாரத்தை ஆழமாகத் தோண்டினார்கள் இல்லையா, அந்தக் கலங்கல் எல்லாம் மழைக்காலம் முழுக்க நம் சேற்றுத்திட்டின் மேல் வந்து படிந்துவிட்டது. மழை விட்டு, கடல் தண்ணீர் இறங்கிய முதல் வற்றத்தில் கூடையோடு இறங்கினேன், கால் வைத்த இடமெல்லாம் களிமண் மாதிரி வழவழவென்று இருந்தது, அதற்குக் கீழே மட்டிகள் சிப்பி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. நாற்றம் வீடு வரைக்கும் வந்தது. மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் இப்போது காலையில் வேன் ஏறி இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறார்கள். உன் அப்பா டிசம்பரில் அந்தப் படகுத்துறையிலேயே வாட்ச்மேனாகச் சேர்ந்தார். ஊரில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், வலையில் மீன் இல்லாதபோது அவர்தான் என்ன செய்வார்.

எனக்கு வகுப்பு இருந்தது. நாலாம் வகுப்போடு நின்றவளை, பள்ளிக்கூடத்து டீச்சரைக் கூப்பிடுவது மாதிரி அக்கோரு அக்கோரு என்று எங்கெங்கிருந்தோ வருகிற பிள்ளைகள் கூப்பிடுவது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். விட்டல மாஸ்தர் பணி ஓய்வு பெற்ற வருஷம் வந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆற்றைக் காட்டிச் சொல்லித்தர வருகிறாயா என்று கேட்டது, நான் வெட்கப்பட்டு அடுப்படிக்குள் ஒளிந்தது எல்லாம் நீ பார்த்ததுதானே. பதினோரு வருஷம் ஆயிற்று. அலையாத்தி மரங்களைப் பற்றி அவர் சொல்வார், சேற்றில் இறங்கிய பிறகு என் பொறுப்பு. கடைசியில் குழாயில் செய்த அந்தச் சதுரச் சட்டத்தை வீசச் சொல்வோம், சட்டத்துக்குள் எத்தனை மட்டி என்று பிள்ளைகள் தோண்டி எண்ணிக் கத்துவார்கள், மாஸ்தர் தன் நோட்டில் எழுதிக்கொள்வார். நாற்பது, ஐம்பத்திரண்டு, ஒரு தடவை எழுபது. மழைக்குப் பிறகு நாங்கள் இருவர் மட்டும் போய்ப் பன்னிரண்டு இடத்தில் வீசினோம், பன்னிரண்டிலும் பூஜ்யம். அந்த நோட்டுகளை ஆதாரமாக வைத்து மாஸ்தர் மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுதினார், ஜனவரி இருபத்து நாலாம் தேதி வந்து பார்க்கிறோம் என்று பதிலும் வந்தது. அந்தக் கடிதத்தை அவர் மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

நவம்பரில் இரண்டு பள்ளிகள் வந்தன. நாற்றத்தில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையிலேயே நின்றார்கள், ஒரு வாத்தியார் செத்ததைக் காட்டவா இவ்வளவு தூரம் வரச் சொன்னீங்க என்று என்னிடம் கேட்டார். அன்று நான் சாப்பிடவில்லை. அப்புறம் ஜனவரியில் கதக் பக்கத்திலிருந்து ஒரு பள்ளியின் கடிதம் வந்தது, ஏழாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒருவர்கூடக் கடலைப் பார்த்ததில்லை, கடிதத்தின் ஓரமெல்லாம் நண்டும் மீனும் கலர் பென்சிலில் வரைந்து அனுப்பியிருந்தார்கள், ஒரு நண்டுக்குப் பன்னிரண்டு கால். மாஸ்தர் வரவேண்டாம் என்று எழுதிவிடலாம் கணபி என்றார். நான்தான் வரட்டும் என்றேன். எனக்குள் ஒரு யோசனை ஓடியது, அதை அவரிடம் சொல்லவில்லை. உன் அப்பாவை முந்தின நாள் பஸ் ஏற்றி, தெற்கே அடுத்த ஆற்றங்கரைச் சந்தையிலிருந்து ஒரு சாக்கு உயிர் மட்டி வாங்கி வரச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். உனக்குப் பைத்தியமா, செத்த ஆத்துல மட்டி விதைக்கப் போறியா என்று கேட்டார், ஆனாலும் போய் வாங்கி வந்தார். விடிகிற நேரத்தில் வற்றம் ஆரம்பித்ததும் நான் இறங்கி, கலங்கல் குறைவாக இருந்த ஓரத்தில் பத்துப் பதினைந்து அடி அகலத்துக்கு ஒவ்வொன்றாகச் சேற்றில் அழுத்தி நட்டேன், நாற்று நடுகிற மாதிரி. முதுகு விட்டுப்போயிற்று. ஆனால் மனசுக்குள் சந்தோஷமாக இருந்தது நாகு, அதை மறைக்க மாட்டேன்.

பிள்ளைகள் வந்தார்கள். அந்த இடத்துக்கு அழைத்துப் போய் நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். உயிரோடு இருக்கிற மட்டி சேற்றுக்குள் நிமிர்ந்து நிற்கும், மூச்சு விட மேலே இரண்டு சின்ன ஓட்டை வைத்திருக்கும், அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் நாங்கள் தோண்டுவோம் என்று. தோண்டினார்கள், கிடைத்தது, ஒரே கூச்சல். மாஸ்தருக்கு முகம் மலர்ந்துவிட்டது, அவருக்கு இப்போது கண் அவ்வளவு தெரிவதில்லை, உயிர் திரும்பிடுச்சு கணபி, திரும்பிடுச்சு என்று என் கையைப் பிடித்துக்கொண்டார், நோட்டையும் திறந்துவிட்டார். அந்த நேரம் சிவலீலா என்று ஒரு பெண், ஒல்லியாக, இரண்டு பின்னல் போட்டவள், முழங்கால் வரை சேற்றில் நின்றபடியே கூப்பிட்டாள். அக்கோரே, இங்க ஒண்ணுக்கும் மேல ஓட்டையே இல்லையே, நீங்க ரெண்டு ஓட்டை இருக்கும்னு சொன்னீங்களே, எல்லாம் படுத்துக்கிடக்குது, எல்லாம் ஒரே விரல் ஆழத்துல இருக்குது, யாரோ அமுக்கி வெச்ச மாதிரி. அவள் என்னை மாட்டிவிடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பதினோரு வருஷத்தில் நான் சொன்னதை அவ்வளவு காது கொடுத்துக் கேட்ட பிள்ளை வேறு யாரும் இல்லை.

நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆமாம் கண்ணு, நான்தான் வெச்சேன், காலையில வெச்சேன், இந்த ஆத்துல இப்போ ஒண்ணும் உசிரோட இல்ல என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் கையில் இருந்த மட்டியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அவர்களோடு வந்த டீச்சர், சரி சரி, போட்டோ எடுத்தாச்சு, கை கழுவுங்க என்றார். மாஸ்தர் என் கையை விட்டார். நோட்டை மூடி, பேனாவுக்கு மூடி போட்டு, மெதுவாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஆபீஸ்காரங்க வர்றாங்க கணபி. நான் இதை எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும், நீ யோசிச்சியா. நான் யோசிக்கவில்லை நாகு. பிள்ளைகள் வெறுங்கையோடு பஸ் ஏறக்கூடாது என்பதற்கு மேல் என் மண்டையில் ஒன்றும் ஓடவில்லை.

எழுதாமல் தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் உன் அப்பா அடுத்த நாள் காவல் கொட்டகையில் டீ குடிக்கும்போது, என் வீட்டுக்காரி ஆத்துல மட்டி நட்ட கதை தெரியுமா என்று சிரிப்புக்காகச் சொல்லியிருக்கிறார். கெட்ட எண்ணம் துளிகூட இல்லை, அவர் சுபாவம் உனக்குத் தெரியும், நாலு பேர் சிரித்தால் அவருக்குப் போதும். வெள்ளிக்கிழமை மாவட்ட அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒரு அம்மா, நல்ல மாதிரி, பேண்ட்டை மடித்துவிட்டுச் சேற்றில் அவரே இறங்கினார். மாஸ்தர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பதினோரு நோட்டையும் துணிப்பையில் சுமந்து வந்திருந்தார். அந்த அம்மா மூன்றாவது நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, கூட வந்து நின்ற படகுத்துறை இன்ஜினியர் சொன்னான், மேடம், இவங்க கடையில மட்டி வாங்கி நட்டு வெச்சுட்டு அதையே எண்ணுவாங்க, வேணும்னா இந்த அம்மாவையே கேளுங்க, எங்க வாட்ச்மேன் சம்சாரம்தான். அந்த அம்மா என்னைப் பார்த்து உண்மையாம்மா என்று கேட்டார். உண்மைதான், ஆனா ஒரே ஒரு நாள், அந்தக் கணக்கை நோட்டில் எழுதவே இல்லை என்றேன். எழுதலைன்னு எனக்கு எப்படிம்மா தெரியும் என்றார். அதட்டவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். இங்கே எப்போதோ மட்டி இருந்ததா, எத்தனை இருந்தது, எதனால் போயிற்று என்று இந்த நோட்டைத் தவிர வேறு எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை, ஆனா இனி இதை ஆதாரமா எடுத்துக்க முடியாதே என்று மாஸ்தரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாஸ்தர் ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார், ஒன்று கை தவறிச் சேற்றில் விழுந்தது. நான் எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் மாஸ்தர் ஆற்றங்கரைப் பக்கம் வரவில்லை. இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன், காலை பத்து மணிக்கு அவர் தூங்குவதாக அவர் மனைவி வாசலிலேயே சொன்னார். நானும் உன் அப்பாவும் ஒரே வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறோம். ஒரு நாள் அவரே வந்து, நான் என்ன கண்டேன் கணபி, ஒரு சிரிப்புக்குச் சொன்னது என்றார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. நட்டது என் கை. அதைச் சொல்லாமல் தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டேன். வரவிருந்த ஐந்து பள்ளிகளுக்கும் வரவேண்டாம் என்று நானே எழுதிப் போட்டேன்.

இதோடு முடிந்தது என்று இருந்தேன். போன வியாழக்கிழமை தபாலில் ஒரு தடிமனான உறை வந்தது, அந்த கதக் பள்ளியிலிருந்து, முப்பத்தெட்டு நன்றிக் கடிதங்கள். எப்படிப் பிரித்தேன் என்று கேட்காதே, கத்தரிக்கோல் தேடக்கூடப் பொறுமை இல்லாமல் பல்லால் கிழித்தேன். ஏதாவது ஒரு பிள்ளையாவது என்னைத் திட்டியிருக்காதா என்று எதிர்பார்த்தேன், திட்டினால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். முப்பத்தெட்டிலும் ஒரே வாசகம். உங்கள் ஆற்றில் உயிருள்ள மட்டிகள் ஏராளமாக வாழ்வதைக் கண்டு மகிழ்ந்தோம், இயற்கையைக் காப்போம், நன்றி. டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பார், பிள்ளைகள் பார்த்து எழுதியிருப்பார்கள். சிவலீலாவின் கடிதத்தைத் தேடி எடுத்தேன். முத்து முத்தான கையெழுத்து. அதிலும் அதே வாசகம், ஒரு எழுத்து மாறவில்லை. என் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொன்ன பிள்ளை, இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இல்லாததை இருக்கிறது என்று காட்டப் பழக்கியவர் அந்த டீச்சர் மட்டும் இல்லை, அவருக்கு முன்பே சேற்றில் நின்று நானும் பழக்கியிருக்கிறேன். மட்டி செத்ததற்கு அழுததைவிட அன்று அதிகம் அழுதேன்.

நேற்று அவளுக்கு ஒரு கார்டு எழுதினேன். நீ பார்த்ததுதான் நிஜம் சிவலீலா, நான் வைத்ததைத் தவிர அன்றைக்கு அங்கே உயிரோடு ஒன்றும் இல்லை, யார் வேறு மாதிரி எழுதச் சொன்னாலும் நீ பார்த்ததை விடாதே என்று. கீழே கணபி அக்கோரு என்று எழுதி, அக்கோருவை அடித்துவிட்டு கணபி மட்டும் வைத்தேன். அவள் வீட்டு விலாசம் என்னிடம் இல்லை, பள்ளி விலாசத்துக்குத்தான் போட்டிருக்கிறேன். கார்டு என்பதால் முதலில் ஆபீஸில் படிப்பார்கள், அப்புறம் அந்த டீச்சர் படிப்பார். அவள் கைக்குப் போகும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. போகாது என்று தெரிந்தேதான் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

உன்னை அழவைக்க எழுதவில்லை மகளே, உன்னிடமாவது பொய் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான். நீ வேளைக்குச் சாப்பிடு, கால்வீக்கத்தைக் கவனி, மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், குறை இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், என் ஆயுசில் பாதியை அம்மன் உங்களுக்குச் சேர்க்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதே. சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேள். இந்த வீட்டில் அவரை அப்படிக் கேட்க இப்போது யாரும் இல்லை.

உன் அம்மா,
கணபி