துளசியின் பையில் நான் வைக்காதது

ஜூலை 22, செவ்வாய்

ஆடி பிறந்து ஆறு நாள். முகூர்த்தம் இல்லை, பிளவுஸ் தைக்கக் கொடுக்க ஆளும் இல்லை. காலையிலிருந்து கடையில் உட்கார்ந்து ஒரே ஒரு சேலைக்கு ஃபால்ஸ் அடித்தேன்.

மதியம் இவர் கடைக்கே வந்துவிட்டார். "குழலி, ஆடியில எப்படியும் வேலை கம்மி, ஒரு வாரம் லீவு எடுத்துக்கோன்னு முதலாளியே சொல்லிட்டாரு. கொடைக்கானல் போலாமா?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். கல்யாணமாகி இருபது வருடம். இவர் கம்ப்யூட்டரில் போட்டுத் தரும் பட்டுச்சேலை பார்டர் டிசைன்கள் எந்தெந்த ஊருக்கோ போகின்றன. நாங்கள் காஞ்சிபுரத்தை விட்டால் திருப்பதி, அதைத் தாண்டியதில்லை. மகள் அனு கோயம்புத்தூர் ஹாஸ்டலில். இனி நாங்கள் இரண்டு பேர்தான்.

ஜூலை 24, வியாழன்

ரூம் சொல்லியாயிற்று. கண்ணாடியைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. நாற்பத்திரண்டு வயசுக்கு இது அதிகம்தான்.

ஜூலை 25, வெள்ளி

மூன்று டிக்கெட்.

"துளசி மட்டும் வூட்ல தனியா என்னம்மா பண்ணுவா? அவளுக்கும் சேத்துப் போட்டுட்டேன்" என்றார், உப்பு வாங்கிவந்தேன் என்பது போல.

துளசி இவர் தங்கை. கல்யாணம் முறிந்து மூன்று வருடம் முன்னால் இங்கே வந்தாள். ஏனாத்தூரில் ஒரு காலேஜ் லைப்ரரியில் வேலை. நல்லவள்தான், யார் இல்லையென்றது? அதிர்ந்து பேச மாட்டாள். ஆனால் மூன்று வருடமாக இந்த வீட்டில் நான் இவரோடு தனியாக ஒரு காபி குடித்ததில்லை. முதல் தோசை அவளுக்கு. புது டிசைன் போட்டால் இவர் திரையைத் திருப்பிக் காட்டுவது அவளிடம். "இந்த மயிலுக்கு கழுத்து கொஞ்சம் நீளமோ, துளசி?" நான் துணியோடுதானே பிழைக்கிறேன்? என்னைக் கேட்டால் என்ன?

"நல்லதுதான்" என்றேன். எப்படித்தான் அந்த வார்த்தை வந்ததோ.

ஜூலை 27, ஞாயிறு

இவர் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். ஆளுக்கு ஒரே பை, முதுகில் மாட்டுகிற பை. ஐந்து கிலோவுக்கு மேல் கூடாது. "ரயில் மாறி, பஸ் மாறி, மலை ஏறப் போறோம். பொட்டி தூக்க என்னால ஆகாது." எடை பார்க்க, பட்டு நூல் நிறுக்கும் கொக்கித் தராசை, தான் வேலை பார்க்கும் பட்டுக்கடையிலிருந்து கொண்டுவந்து கதவில் மாட்டிவிட்டார்.

போனில் வானிலையைப் பார்த்தார். காலையில் வெயில், மதியம் மூட்டம், சாயங்காலம் மழை, பன்னிரண்டு டிகிரி. ஒரே நாளில் மூன்று ஊர்! இதற்குத் தகுந்த மாதிரி துணியும் வேண்டும், கனமும் கூடாது.

"அண்ணி, நீங்களே என்னுதையும் கட்டிடுங்களேன். எனக்கு மடிக்கவே வராது" என்றாள் துளசி. சரி என்றேன்.

ஜூலை 29, செவ்வாய்

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. பொய் சொல்வானேன். ஏழு நாளுக்கு மூன்று சுடிதார் போதும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றிப் போட்டால் ஆறு ஆகிவிடும். மடிக்கக் கூடாது, பாய் மாதிரி இறுக்கிச் சுருட்ட வேண்டும். துவாலைக்குப் பதில் மெல்லிய ஈரிழைத் துண்டு, காலையில் நனைத்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஷூ பைக்குள் போகக் கூடாது, காலில் போக வேண்டும். ஜீன்ஸ் கிடையாது, நனைந்தால் இரண்டு நாள் காயாது. குடை ஒன்று, மூன்று பேருக்கும். மழைக்கோட்டு பிளாஸ்டிக்கில், உள்ளங்கை அளவு. மெல்லிய துணி மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் பாதிக் குளிர் தாங்கும். மீதிக்கு ஒரு ஸ்வெட்டர், அதை மட்டும் விட முடியாது.

இவர் பை நாலே முக்கால். என்னுடையது நாலு. துளசியுடையது நாலரை.

"குழலி கை குழலி கைதான்" என்றார். இந்த வீட்டில் அந்த வாக்கியத்தைக் கேட்டு எத்தனை நாள் ஆகிறது!

ஜூலை 31, வியாழன்

துளசியின் ஸ்வெட்டரை எடுத்துவிட்டேன்.

இதை எழுதலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். யார் படிக்கப் போகிறார்கள்? கரும்பச்சை, கனமானது, இரண்டு பக்கமும் ஜிப் வைத்த பாக்கெட். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இவருடைய பழைய லுங்கி ஒன்றைச் சுருட்டி வைத்தேன், பை தளர்ந்து தெரியாமல் இருக்க. பீரோவில் வைத்தால் கிளம்பும்போது கண்ணில் பட்டுவிடும். அதனால் என் பையின் அடியில் திணித்துவிட்டேன். இப்போது என் பை நாலே முக்கால்.

கெடுதல் ஒன்றும் நினைக்கவில்லை. குளிரில் நடுங்கினால் ரூமிலேயே கிடப்பாள். நாங்கள் இரண்டு பேரும் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வருவோம். இரண்டு நாள் கழித்து "அடடே, என் பையில வந்துடுச்சு போல" என்று கொடுத்துவிடலாம்.

இரண்டே இரண்டு நாள்.

ஆகஸ்ட் 2, சனி

செங்கல்பட்டில் ரயில். இவர் ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கொடைக்கானல். நல்ல வெயில்! ஸ்வெட்டருக்கு வேலையே இல்லை. மூன்று பேரும் ஏரியைச் சுற்றினோம். துளசி இவருக்கும் எனக்கும் நடுவில் நடந்தாள். வேணும்னே இல்லை, அவளுக்குத் தெரியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இது ஆஸ்பத்திரி வராந்தா.

நேற்று காலையில் பளிச்சென்று இருந்தது. மழைக்கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனோம். பன்னிரண்டு மணிக்குப் பனி இறங்கி எதிரில் வருபவர் முகம் தெரியவில்லை. உடனே மழை. அந்தப் பிளாஸ்டிக் கோட்டு காற்றில் கிழிந்தது. துளசிக்குப் பல் கிட்டியது. இவர் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு, வெறும் சட்டையோடு நனைந்துகொண்டு நடந்தார். நான் பின்னால் குடையோடு வந்தேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நடுங்கட்டும், நல்லா நடுங்கட்டும் என்று அப்போது நினைத்தேன். நினைத்ததை நினைத்தபடியே எழுதுகிறேன்.

ரூமுக்கு வருவதற்குள் அவளுக்கு வீசிங் ஆரம்பித்துவிட்டது. எப்போதாவது வரும், எனக்குத் தெரியும். ஆறு மாதமாக வரவில்லை. கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, "ஸ்வெட்டர்... பாக்கெட்ல... இன்ஹேலர்" என்றாள்.

எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. குளிர்ல போட்டுக்கினா கைக்கெட்டுற மாதிரி இருக்கட்டும்னு அதுல வெச்சிருக்கா. நான் அந்த ஜிப்பத் தொறந்து பாக்கவே இல்ல.

இவர் அவள் பையைக் கட்டிலில் கவிழ்த்தார். நான் சுருட்டி வைத்ததெல்லாம் உருண்டு ஓடியது. லுங்கியை உதறிப் பார்த்து, "இது யார் வெச்சது?" என்றார். பிறகு தன் பையைக் கவிழ்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என் பையில இல்ல. நானே கட்டினது, எனக்குத் தெரியாதா?" என்றேன்.

ஏன் சொன்னேன்? இரண்டு எட்டில் பை இருந்தது. கையை விட்டு எடுத்திருந்தால் முடிந்திருக்கும். அடிச்சிருப்பாரா? அடிக்க மாட்டார். பார்த்திருப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து ஒரு மனுஷி மூச்சு விட முடியாமல் இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவர் வண்டி பிடிக்கக் கீழே ஓடினார். துளசி கண்ணை மூடியிருந்தாள். என் பையைத் திறந்து, ஸ்வெட்டர் பாக்கெட்டிலிருந்து அதை எடுத்தேன். கொடுக்கத்தான் எடுத்தேன். படியில் இவர் கால் சத்தம் கேட்டது. என் கைப்பைக்குள் போட்டுவிட்டேன்.

ஜீப்பில் அவள் தலை என் மடியில் இருந்தது. கைப்பையும் மடியில். மழையில் வண்டிகள் நகரவில்லை. அவள் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அவள் தலையைத் தடவிக்கொண்டே, "இதோ வந்துடுச்சும்மா, இதோ வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆக்சிஜன், ஊசி, மூக்கில் மாஸ்க். பிழைத்துவிட்டாள்.

நர்ஸ் அவளைத்தான் திட்டினாள். "படிச்சவங்கதானே? மலைக்கு வரும்போது இன்ஹேலர் இல்லாம வருவீங்களா?" இவரும் கோபப்பட்டார். அப்போது நானும் சேர்ந்துகொண்டேன். "எடுத்து வெச்சதெல்லாம் ஒரு தடவ சரி பாத்துக்கோன்னு அப்பவே சொன்னேன்ல?"

துளசி மாஸ்க்குக்குள் "ஸாரி அண்ணி" என்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

இவர் பகலெல்லாம் ஆஸ்பத்திரியில். நான் தனியாக ஏரியைச் சுற்றி நடந்தேன். எல்லா இடமும் ஜோடிகள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து துளசியை அனுப்பிவிட்டார்கள். இவர் புது இன்ஹேலரும் ஒரு ஸ்வெட்டரும் வாங்கிக் கொடுத்தார்.

பழைய இன்ஹேலரைப் பேப்பரில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். கரும்பச்சை ஸ்வெட்டரை பஸ் ஸ்டாண்டு வாசலில் பேரிக்காய் விற்கும் அம்மாவிடம் கொடுத்தேன். அந்த அம்மா அங்கேயே மாட்டிக்கொண்டு, "புள்ளகுட்டியோட நல்லா இருப்ப தாயி" என்று என் தலையில் கை வைத்தாள். அங்கிருந்து வேகமாக நடந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பஸ்ஸில் துளசிக்கு ஜன்னல் சீட். அந்த அம்மா அதே ஸ்வெட்டரோடு, கூடையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக வந்துகொண்டிருந்தாள். நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவது போல் இருந்தேன். நிமிர்ந்தபோது துளசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பும் வரை பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காஞ்சிபுரம். வெக்கை. இவர் தராசைக் கழற்றிப் பட்டுக்கடைக்கு எடுத்துப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தாயிற்று, பிளவுஸ்கள் வந்து குவிகின்றன. இன்று இவர் வெளியே போன நேரத்தில் துளசி கடைக்கு வந்து, மெஷினுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஜீப்ல உங்க மடியிலதானே படுத்திருந்தேன். உங்க கைப்பை என் கன்னத்துல குத்திக்கினே இருந்துச்சு. எட்டு வருஷமா கையில வெச்சிக்கினு இருக்கிற சாமான். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

நான் தையலை நிறுத்தவில்லை. கோணலாகப் போனது.

"கையைத் தூக்கிப் பாத்தேன். தூக்க முடியல" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லப்போறியா?"

"எதுக்கு? சொன்னா நாலு பேருக்கும் நிம்மதி போயிடும். இப்ப உங்க ஒருத்தருக்குத்தானே இல்ல."

ஸ்டூலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கோணலாகத் தைத்த பிளவுஸைப் பிரிக்கக் காலை முழுக்க ஆயிற்று.

செப்டம்பர் 9, செவ்வாய்

அவளைச் சமையற்கட்டுக்குள் விடுவதில்லை. "நீ வேலைக்குப் போயிட்டு களைச்சு வர, உக்காரு" என்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர்கூட அவள் கையால் வாங்காமல் நானே மொண்டு குடிக்கிறேன். முதல் தோசையை அவளுக்கு நானே வைக்கிறேன்.

இவருக்குச் சந்தோஷம். "ஆஸ்பத்திரியில பாத்ததுல இருந்து நீ அவளத் தாங்கற குழலி. எனக்கு அது போதும்மா" என்றார். துளசி தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியும். அதனால்தான்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு அனு வந்திருக்கிறாள். "அத்தை ஏன்மா ஒங்கூட பேசவே மாட்டேங்குது?" என்றாள். பேசுகிறாளே, சரி, வேணாம், போதும் என்று பேசுகிறாளே.

நவம்பர் 12, புதன்

எனக்குக் காய்ச்சல், மூன்றாவது நாள். டெங்கு என்று சொல்லிவிட்டார்கள். முகூர்த்த சீசன், இவர் லீவு போட முடியாது. துளசி லீவு போட்டிருக்கிறாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே.

நேற்று முழுக்க பிஸ்கட் மட்டும் சாப்பிட்டேன். பாக்கெட்டை நானே பிரித்து.

நவம்பர் 14, வெள்ளி

கொஞ்சம் தெளிந்திருக்கிறது, எழுதுகிறேன்.

மதியம் துளசி கஞ்சி கொண்டுவந்தாள். எவர்சில்வர் கிண்ணம், ஸ்பூன், ஓரத்தில் நார்த்தங்காய் ஊறுகாய். என் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தினாள். கை கொடுத்துப் பிடித்தபோது அவள் கை குளிர்ந்திருந்தது.

"குடிங்க அண்ணி. ரெண்டு நாளா ஒண்ணும் உள்ள போகல."

கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டேன். ஆவி முகத்தில் அடித்தது. பசி வயிற்றைப் பிடுங்கியது. ஸ்பூனைத் தூக்கினேன். வாய் வரைக்கும் போகவில்லை. "ஆறட்டும்" என்றேன்.

துளசி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை, ஒரு நொடிதான்.

என் கையிலிருந்து ஸ்பூனை வாங்கி, கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எடுத்துக் குடித்தாள். விழுங்கினாள். விழுங்கியதை நான் பார்க்கும்படி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஸ்பூனைத் தண்ணீரில் அலசித் துடைத்து, மறுபடி என் கையில் கொடுத்தாள்.

"உப்பு சரியா இருக்குது அண்ணி."

குடித்தேன். கிண்ணம் காலியாகும் வரை குடித்தேன்.