உன் கணினியில் மட்டும்

மார்ச் 9, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம்தானே? போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

ஒரு உதவி வேண்டும். 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை என் நிரலின் முதல் முழுப் பதிப்பை வெளியிடுகிறேன். வெட்டியது போக மிச்சமிருக்கும் காலின் அளவுகளைக் கொடுத்தால், அது போய் உட்கார வேண்டிய சாக்கெட்டின், அதாவது செயற்கைக் காலின் மேல் கிண்ணத்தின், வடிவத்தைக் கணக்கிட்டுத் தருமே, நீ பட்டறையில் தினமும் திட்டிக்கொண்டே பயன்படுத்துகிறாயே, அதேதான். இலவசமாக விட்டதில் எங்கெங்கோ இருக்கிற செயற்கைக் கால் பட்டறைகளெல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டன. இப்போது ஒரு மருத்துவமனைக் குழுமம் தன் எல்லாக் கிளைகளிலும் இதை வைத்துக்கொள்ள யோசிக்கிறது. 19ஆம் தேதி காலை அவர்கள் கமிட்டி கூடுகிறது. சரி என்றால் எனக்கு அங்கேயே நிரந்தர வேலை. மூன்று வருடமாகக் கிடைத்ததைச் செய்துகொண்டிருக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

நிரலைச் சோதிக்க நூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட் வைத்திருக்கிறேன். விடை தெரிந்த கணக்கைக் கொடுத்து அது என்ன சொல்கிறது என்று பார்ப்பதுதான் டெஸ்ட். எல்லா வகைக் கணினியிலும், ஒன்றைக்கூடத் தவிர்க்காமல் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது கமிட்டியின் நிபந்தனை. உன் பட்டறையில் இருக்கும் வகைக் கணினி என்னிடம் இல்லை. இணைத்திருக்கும் கோப்பை அதில் ஒரு தடவை ஓட்டி, திரையில் வருவதைப் படமெடுத்து அனுப்பு.

கண்ணாடி மாற்றினாயா இல்லையா?

அன்புடன்,
உன் வாலு


மார்ச் 11, புதன்

அன்பு வாலுவுக்கு,

சாப்பாட்டு நேரத்தில் ஓட்டினேன். நூற்றுப் பத்து பச்சை, இரண்டு சிவப்பு. படம் இணைத்திருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிக்கவில்லை, படிக்கிற மனநிலையிலும் இல்லை.

கண்ணாடிக் கடைக்குப் போனேன். மாற்றவே தேவையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் நான்கு மாதத்தில் மூன்று கால்கள் என்னிடம் திரும்பி வந்துவிட்டன. மூன்றும் ஒரே புகார்: இறுக்கம். பேருந்து ஓட்டுநர் ஒருவருக்குத் தோல் உரிந்து புண்ணாகி, வேலைக்கே போகவில்லை. "நீங்க அளவெடுத்தீங்கன்னு நம்பித்தானேம்மா போட்டேன்" என்றார். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

19ஆம் தேதி மதியம் மேலாளர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அளவெடுக்கும் மேசையிலிருந்து எடுத்து ஸ்டோரில் போடப் போகிறார்கள் என்று காதில் விழுகிறது. பதினாறு வருடம் இந்தக் கையால் வேலை பார்த்திருக்கிறேன். "கை தளர்ந்திடுச்சுக்கா, ஒத்துக்கோ" என்று போன மாதம் நீ சொன்னாயே, அன்றிலிருந்து நானும் என் கையை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறேன்.

நீ நன்றாகச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 12, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

ரொம்ப நன்றி. அந்தச் சிவப்பு இரண்டும் எனக்குப் பழைய சிநேகிதர்கள்தான். உன் வகைக் கணினியில் மட்டும் எப்போதும் தோற்கும். இரண்டு வருடத்துக்கு முன்பே, அந்தக் கணினி வைத்திருந்த ஒருவர் சொன்னதும், "பிறகு பார்க்கலாம்" என்று ஒரு குறிப்பு எழுதி, அந்த இரண்டையும் தவிர்க்கும்படி செய்துவிட்டேன். கமிட்டிக்காகத்தான் இப்போது மறுபடி சேர்த்து ஓட்டச் சொன்னேன். கோளாறு டெஸ்டில்தான் இருக்கும், நிரலில் இருக்காது. மறுபடியும் தவிர்த்துவிட்டு, கமிட்டிக்கு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்கிறேன். இதற்காக வெளியீட்டைத் தள்ளிப்போட முடியாது.

மேலாளர் முன்னால் கோபப்படாதே. ஸ்டோர் என்றால் உட்கார்ந்த இடத்தில் வேலை. உன் முதுகுக்கும் நல்லதுதானே?

அன்புடன்,
வாலு


மார்ச் 14, சனி

வாலு,

முதுகைப் பற்றி நான் உன்னிடம் கேட்கவில்லை.

உன் கடிதத்தில் "இரண்டு வருடம்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பட்டறைக்கு இந்தக் கணினி வந்ததும் இரண்டு வருடத்துக்கு முன்புதான். அப்புறம்தான் நான் அனுப்பிய படத்தையே எடுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்கிற இரண்டிலும் "உறை" என்று போட்டிருக்கிறது.

இன்று விடுமுறை. சாவி வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போய்ப் பழைய அளவுத் தாள்களை மேசை முழுக்கப் பரப்பினேன். திரும்பி வந்த மூன்று பேரும் மிச்சக் காலில் தடித்த துணி உறை மாட்டிக்கொண்டு சாக்கெட்டுக்குள் வைப்பவர்கள். அந்த உறை எங்கள் பட்டறைக்கு வர ஆரம்பித்தே ஐந்து மாதம்தான் ஆகிறது. உறைக்கென்று உள்ளே கொஞ்சம் இடம் விட வேண்டும். நான் மூன்று தாளிலும் கொட்டை எழுத்தில் "தடித்த உறை" என்று எழுதியிருக்கிறேன், நிரலிலும் அப்படியே பதிந்திருக்கிறேன். உறை போடாதவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. அப்படியென்றால் என் கை ஆள் பார்த்தா தளர்கிறது?

அந்த ரெண்டு டெஸ்டும் என்னதான்டா கேக்குது? நேரா பதில் சொல்லு.

அக்கா


மார்ச் 16, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிறு முழுவதும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டேன்.

ஒரு வரி முடிந்தது என்பதற்கு என் கணினி கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி வைக்கும். உன்னுடையது இரண்டு வைக்கும். அந்தக் கூடுதல் குறி "தடித்த உறை" என்பதன் வாலில் ஒட்டிக்கொண்டதால் நிரலுக்கு அது அடையாளம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லி நின்றிருக்க வேண்டும். நிற்காமல், "உறை இல்லை" என்று தானாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறது. அப்படிப் போடச் சொல்லி எழுதியவன் நான். டெஸ்ட் இரண்டும் சரியாகத்தான் கத்தியிருக்கின்றன. வாயை அடைத்தவனும் நான்தான்.

இப்போது ஒரே வரியில் சரிசெய்துவிட்டேன். வெள்ளிக்கிழமைப் பதிப்பில் கோளாறு இருக்காது. ஆனால் அக்கா, அதுவரை இதை வெளியே சொல்லாதே. இரண்டு வருடம் தப்பான அளவு கொடுத்த நிரல் என்று வியாழன் காலை கமிட்டி காதில் விழுந்தால் என் கதை முடிந்தது. வெள்ளி சாயங்காலம் உன் மேலாளருக்கு நானே விவரமாக எழுதுகிறேன். உன் கூட்டத்துக்கு அப்புறம் ஒரு நாள்தான். எனக்காகப் பொறுத்துக்கொள்.

வாலு


மார்ச் 16, திங்கள் மாலை

வாலு,

என் கூட்டம் வியாழன். வெள்ளி இல்லை.

வெள்ளி வரைக்கும் வேறு பட்டறைகளில் இதே மாதிரிக் கணினி வைத்திருக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தாயா? இன்றைக்கும் எவராவது ஒருவர் "தடித்த உறை" என்று அடித்துக்கொண்டிருப்பார். அதைப் போட்டுக்கொண்டு இன்னொருவர் நடக்கப் பார்ப்பார்.

உன் வேலை போய்விடும் என்கிறாய். என்னுடையது போய்க்கொண்டே இருக்கிறது. நான் உன்னிடம் கெஞ்சப் போவதில்லை. எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா


மார்ச் 19, வியாழன், காலை 11.30

அக்கா,

இரண்டு நாள் உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன். காலையில் கமிட்டிக்காகத் தயாரித்த பேச்சைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். "நம்பகமான" என்ற சொல் நான்கு தடவை வருகிறது. நான்காவதில் எனக்கே வாய் கூசியது.

சற்று முன் நிரலின் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே போட்டுவிட்டேன்: "கடந்த இரண்டு ஆண்டுகளாகச் சில வகைக் கணினிகளில் இந்த நிரல் உறையின் கனத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. டெஸ்ட் தோற்பது தெரிந்தும் அதைத் தவிர்த்தேன். தவறு என்னுடையது, அளவெடுத்தவர்களுடையது அல்ல. தடித்த உறைக்காகச் செய்த சாக்கெட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்கவும்." திருத்திய பதிப்பையும் இன்றே வெளியிட்டுவிட்டேன். உன் மேலாளருக்கும் கமிட்டிக்கும் இதையே அனுப்பினேன். கமிட்டியிலிருந்து பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. வேண்டாமாம்.

மதியக் கூட்டத்துக்கு இதை அச்செடுத்துக்கொண்டு போ. மன்னிச்சிடுக்கா.

வாலு


மார்ச் 20, வெள்ளி

வாலு,

நேற்று மதியம் இருந்த கூட்டத்தை நேற்றுக் காலை ஒன்பது மணிக்கே மாற்றிவிட்டார்கள். உன் கடிதம் வந்தபோது எல்லாம் முடிந்து நான் மேசைக்குத் திரும்பியிருந்தேன்.

திங்கள் மாலை உனக்கு எழுதியதும் ஓட்டுநருக்குப் போன் செய்தேன். புண் ஆறியிருந்தது. செவ்வாய் காலை வரச் சொல்லி, உறையைப் போட்டே மாவுக்கட்டு சுற்றி அச்சு எடுத்து, கணினியைத் தொடாமல் கையாலேயே சாக்கெட் செய்தேன். இரண்டு நாளும் வேறு வேலை பார்க்கவில்லை. நேற்று அவர் அந்தக் காலோடு மேலாளர் அறைக்குள் நடந்து வந்தார், நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "இதுவும் இவங்க கைதான் சார், நான் திருப்பிக் கொடுத்த பழைய காலும் இவங்க கைதான். நடுவுல என்ன இருந்துச்சுன்னு பாருங்க" என்றார். மேலாளர் அளவுத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேசை என்னுடையதுதான்.

உன் வேலை போனது எனக்குச் சந்தோஷமில்லை. ராத்திரி அதை நினைத்து அழுதேன். ஆனால் செவ்வாயும் புதனும் உன்னிடமிருந்து ஒரு வரி வருமா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தேனே, அதை நான் என்ன செய்வது? அதற்குத் திருத்திய பதிப்பு எதுவும் கிடையாது.

இன்று உன் குறிப்பின் கீழே வந்திருப்பதையெல்லாம் படித்தேன். திட்டுகிறார்கள். படி, எல்லாவற்றையும் படி. ஆறாவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். பத்தொன்பது வருடம் செயற்கைக் கால் செய்தவராம். "என் கை போய்விட்டது என்று நினைத்துப் போன வருடம் வேலையை விட்டுவிட்டேன்" என்று ஒரே வரி. திட்டவில்லை. அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.

நீ முதலில் அவருக்கு எழுது. எனக்கு அப்புறம் எழுதலாம்.

அக்கா