பாதிப் பாதியாகச் சேர்த்த கம்ப்யூட்டர்

இன்று மத்தியானம் கம்ப்யூட்டர் கேபினட் வந்து சேர்ந்தது. பார்சல் கொண்டுவந்த அண்ணன் வரிச்சிக்குடி கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி எங்கள் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார். அட்டைப்பெட்டியின் அளவைப் பார்த்தவர்கள், எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்திருக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். எதிர்வீட்டு அத்தை நேரிலேயே வந்துவிட்டாள். "என்னாடி இது, உள்ள ஒண்ணுமே இல்லியே, வெறும் தகரக் கூடால்ல இருக்கு?" என்றாள். "இனிமேதான் அத்தை ஒவ்வொண்ணா வாங்கி உள்ள வைக்கணும்" என்றேன். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகு தெர்மோகோலை எடுத்தேன். புது பெயிண்டும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை வந்தது. முதல் கேபினட்டை உன் வீட்டு மாடியில் பிரித்தபோது நீ பெட்டிக்குள் தலையை விட்டு, மூச்சை நன்றாக இழுத்து, "ஆகா, புது வீட்டு வாசனைடி" என்றாய். நான் அப்போது ஸ்க்ரூ பாக்கெட் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு ஏன் முதலில் மோந்து பார்க்கத் தோன்றவில்லை என்று எரிச்சலாக வந்தது. இன்றைக்கு மோந்து பார்த்துவிட்டேன். எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது.

இறந்துபோனவள் மேல் பொறாமைப்படலாமா என்று கேட்டால், படக்கூடாதுதான். ஆனால் படுகிறேன். உனக்கு எழுதும்போது எனக்கு என்ன ஒளிவு மறைவு?

காலேஜ் இரண்டாம் வருஷத்தில் நான்தான் அந்தப் பேச்சை எடுத்தேன். கேம் ஆடுகிற கம்ப்யூட்டரைக் கடையில் முழுசாக வாங்க நமக்கு வக்கில்லை, உதிரி உதிரியாக வாங்கி நாமே பூட்டிவிடலாம் என்றேன். கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து உனக்கு வகுப்பே எடுத்தேன். படம் காட்டுகிற வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும் ப்ராசஸராக முதலில் வாங்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலே மெஷின் ஓடிவிடும், சின்ன கேம்களை ஆடிக்கொண்டிருக்கலாம். கார்டு பிறகு வரட்டும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது, அது போனால் கூட இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். இதெல்லாம் நான் வீடியோ வீடியோவாகப் பார்த்துப் படித்தது. நீ வெங்காய போண்டாவைத் தின்றுகொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாய்: "கலர் கலரா லைட் எரியிற ஃபேன் போடலாமாடி?"

அந்த ஃபேனுக்காக எவ்வளவு சண்டை! "அந்தக் காசுக்கு நல்ல ராம் மெமரியா வாங்கலாம்" என்றேன். "இருட்டுல உக்காந்து ஆட நீ என்ன ஆந்தையா?" என்றாய். கடைசியில் ஒரே ஒரு ஃபேன் மட்டும் லைட்டோடு வந்தது. அதுவும் நீ போய் நின்ற கடையில், நீ சிரித்த சிரிப்புக்கு, கேட்ட விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். நான் போய் நின்றால் பில்லைத்தான் கொடுப்பார்கள்.

நம் பங்கீடு உனக்கு நினைவிருக்கும். மதர்போர்டும் ப்ராசஸரும் பவர் சப்ளையும் என்னுடையவை. கேபினட்டும் மானிட்டரும் பின்னால் வரப்போகும் கார்டும் உன்னுடையவை. ராம் ஆளுக்கு ஒன்று. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்த காசிலும் ஸ்காலர்ஷிப்பிலும் நான் ஒவ்வொன்றாக வாங்கினேன். ஒவ்வொன்றையும் வாங்குவதற்கு முன்னால் என் அப்பாவுக்கு விளக்கியாக வேண்டும். வயலிலிருந்து வந்து கால் கழுவியதும் பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்னா பண்ணும்? இது இல்லாட்டி ஓடாதா?" என்று ஆரம்பிப்பார். பாதி ராத்திரி வரைக்கும் விடமாட்டார். இந்தத் தொல்லையை உன்னிடம் சொல்லிச் சொல்லிப் புலம்பியிருக்கிறேன்.

உனக்கு ஏது அந்தத் தொல்லை! துபாயில் இருந்த உன் மாமாவுக்கு ஃபோனில் ஒரு வாய்ஸ் மெசேஜ். "மாமா, எனக்கு ஒரு கார்டு வேணும்." அவ்வளவுதான், முடிந்தது. எந்த மாடல் என்று எழுதி அனுப்பியதுகூட நான்தான்.

மாமா வந்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தாய். ஹால் நடுவில் பெட்டியை வைத்துச் சொந்தக்காரர்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உன் உம்மாதான் டேப்பை அறுத்தார்கள். பால்பவுடர் டின், சோப்பு, கம்பளி, சாக்லேட் என்று ஒவ்வொன்றாக ஆளாளுக்குப் பங்கு போனது. கடைசியில் புது லுங்கி ஒன்றை விரித்தால் உள்ளே நம் கார்டு. அட்டைப்பெட்டி இடத்தை அடைக்கிறது என்று மாமா அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, கார்டை மட்டும் லுங்கியில் சுற்றி, தைலக் குப்பிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு குப்பி உடைந்து, கார்டு தைலத்தில் குளித்திருந்தது. "இது என்னா, இஸ்திரிப் பெட்டியா?" என்று உன் பெரியம்மா கேட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீயோ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஒண்ணும் ஆவாதுடி, சளி புடிக்காம இருக்கும்" என்றாய்.

பஞ்சால் துடைத்துத் துடைத்துக் காய வைத்துப் பூட்டியபோது ஓடியது, அதிசயமாக. அதிலிருந்து பெரிய கேமாகப் போட்டு மெஷின் சூடேறினால் அறை முழுக்கத் தைல வாசனை அடிக்கும். உம்மா கீழே இருந்து, "யாருக்குடி தலைவலி?" என்று குரல் கொடுப்பார்கள். "கம்ப்யூட்டருக்கு உம்மா!" என்று நீ கத்துவாய்.

மெஷின் உன் வீட்டில் இருந்ததற்குக் காரணம் எங்கள் ஊர் கரண்ட்தான். வயல் மோட்டாரெல்லாம் ஓட ஆரம்பித்தால் எங்கள் வீட்டு ஃபேனே நகர மாட்டேன் என்னும். உங்கள் வீட்டில் இன்வர்ட்டர் இருந்தது. அதனால் என் ப்ராசஸரைப் பார்க்க நான் பஸ் ஏறி வர வேண்டும், செருப்பை வாசலில் விட வேண்டும், விருந்தாளி மாதிரி டீ குடிக்க வேண்டும். நான் வருவதற்குள் நீ ஆடிக்கொண்டிருப்பாய். கேமை இறக்கியது நான், செட்டிங்கைச் சரிபண்ணியது நான், எந்த வழியாகப் போனால் ஜெயிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்ததும் நான். ஜெயித்தது எப்போதும் நீ. "நீ ரொம்ப யோசிக்கிறடி, அதுக்குள்ள சுட்டுட்டுப் போயிடுறான்" என்பாய். எங்கள் வீட்டுக்கு வந்தால் என் அம்மாகூட உன் கட்சிதான். "அந்தப் புள்ளயப் பாரு, எப்பவும் சிரிச்ச மொகம். நீயும் இருக்கியே உம்முனு." வயிறு எரியுமா எரியாதா, நீயே சொல்.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாளைக்கு வருகிறேன் என்று மெசேஜ் போட்டேன். வாந்தியெடுக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினாய். அதற்குப் பிறகு நீ எதுவும் அனுப்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்த அன்று உங்கள் வீட்டில் நிற்க இடமில்லை. உன்னைக் குளிப்பாட்ட உள்ளே போனவர்கள் எல்லாரும் சொந்தக்காரப் பெண்கள். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ ஒரு அம்மா, "நீ யாரு புள்ள?" என்று கேட்டார்கள். கூடப் படிக்கிறவள் என்றேன். அந்த வேளையிலும் உள்ளே போனவர்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. என்ன பிறவியடி நான் என்று எனக்கே தோன்றியது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு உம்மா ஃபோன் பண்ணிக் கூப்பிட்டார்கள். ஓதி முடித்து நெய்ச்சோறு வைத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாடிப்படியில் இருந்து தைல வாசனை இறங்கி வந்தது. மேலே யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த உன் பெரியம்மா சொன்னார்கள்: உன் துணிமணியெல்லாம் ஏழைபாழைகளுக்குக் கொடுத்தாகிவிட்டது, கம்ப்யூட்டர் மட்டும் மாமா மகனுக்காம், அவன் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறானாம். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தால்தானே? உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு. என் போர்டு, என் ப்ராசஸர் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அது இல்லை விஷயம். உன் நாற்காலியில் வேறொருத்தன்!

அடுத்த வாரம் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

"வா புள்ள. சாப்ட்டியா?" என்றார்கள் உம்மா.

"உம்மா, அந்தக் கம்ப்யூட்டர்ல பாதி என்னோடது. எடுத்துக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. உம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "தெரியும்மா, அவ சொல்லிருக்கா. அவனுக்குக் குடுக்கறப்ப எனக்குத்தான் எதுவும் ஓடல. நீ எடுத்துக்க" என்று மேலே கூட்டிப்போனார்கள். உன் கட்டிலில் உட்கார்ந்து நான் பக்கத்து மூடியைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் கழற்றியது கார்டை.

"அது எங்க தம்பி கொண்டாந்ததுல்ல?"

"ஆமா உம்மா. எனக்கு இத மட்டும் குடுங்க. என்னோடது எல்லாம் இருக்கட்டும். அந்தப் பையனே வச்சிக்கட்டும்."

சரி என்று உம்மா தலையாட்டினார்கள். அப்புறம் சொன்னார்கள்: "எங்க தம்பி அப்பவே முழுசா ஒண்ணு வாங்கித் தாரேன்னான், தெரியுமா? கடையில ரெடியா இருக்குமாமே, அது. இவதான் வேணவே வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னா. கார்டு மட்டும் போதும்னுட்டா."

"ஏன் உம்மா?"

"நானும் அதத்தான் கேட்டேன். முழுசா வந்துட்டா அவ எதுக்கு உம்மா இங்க வரப் போறான்னா."

நான் கார்டைத் துப்பட்டாவில் சுற்றினேன். உம்மா மேலே சொன்னார்கள்.

"உன்னயப் பாத்து அவளுக்கு அப்படி ஒரு பொறாம. ஒரு சாமான் வாங்க நீ மாசக்கணக்கா யோசிப்பியாம், உங்க அப்பா பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா கேப்பாராம். வெளிநாட்டுல இருக்குற வாப்பாகிட்ட நான் கேட்டா, எவ்ளோன்னு சொல்லு அனுப்புறேன்னுட்டு ஃபோன வச்சிடுறாரு, அவளுக்கு மட்டும் எப்படி உம்மா அவ அப்பாவோட பேச்சு இவ்ளோ நேரம் நடக்குதுன்னு கேப்பா. நான் என்னத்தச் சொல்ல? அல்லா ஆளுக்கு ஒண்ணு குடுக்குறான்னேன். போங்க உம்மான்னு மூஞ்சத் திருப்பிக்குவா."

அடிப்பாவி. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? நான் அப்பாவைப் பற்றிப் புலம்பும்போதெல்லாம் போண்டாவைத் தின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாயே! நான் என் பொறாமையை முகம் முழுக்க அப்பிக்கொண்டு திரிந்தேன், ஊருக்கே தெரியும். நீ உன்னுடையதை அந்தச் சிரிப்புக்குள் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறாய். அதிலும் நீதான் ஜெயித்திருக்கிறாய். பஸ்ஸில் வரும்போது அழுகையை விடக் கோபம்தான் அதிகம் வந்தது.

இப்போது எம்.எஸ்ஸி. படிக்கிறேன். அதே டியூஷன் காசுதான். முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு ஒரு சின்ன இன்வர்ட்டர் வந்துவிட்டது, அதனால் மெஷின் இங்கேயே இருக்கும். வகுப்புப் பையன்களிடம் என் திட்டத்தைக் காட்டினால் சிரிக்கிறார்கள். ப்ராசஸரை முடிவு பண்ணிவிட்டுத்தான் கார்டுக்குப் போக வேண்டுமாம், கையில் இருக்கும் பழைய கார்டுக்குப் பொருத்தமாக மற்றதை எல்லாம் தேடுகிறவளை இப்போதுதான் பார்க்கிறார்களாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது இப்படித் திட்டம் போட்டிருந்தால் நானே அவர்களைத் திட்டியிருப்பேன். பவர் சப்ளை அடுத்த மாதம். போர்டு பொங்கலுக்குப் பிறகு. லைட் எரிகிற ஃபேன் இரண்டு லிஸ்டில் போட்டிருக்கிறேன், ஒன்றும் சொல்லாதே.

சாயங்காலம் அப்பா வந்தார். கால் கழுவிவிட்டு நேராகக் கேபினட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இந்தப் பக்கம் இவ்ளோ ஓட்ட எதுக்கும்மா? பூச்சி போவாதா?" என்று ஆரம்பித்தார். காற்று எந்தப் பக்கம் உள்ளே வரும், எந்தப் பக்கம் வெளியே போகும் என்று மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். வேறு கேள்வி உண்டா என்று நானாகவே கேட்டேன். அவருக்கே ஆச்சரியம்.

அவர் எழுந்து சாப்பிடப் போன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உன் மாமா மேல் இருந்த பொறாமை போய்விட்டது. உன் நாற்காலியில் உட்கார்ந்த பையன் மேலும் இப்போது ஒன்றும் இல்லை, நன்றாகப் படிக்கட்டும். மிச்சம் இருப்பது ஒருத்தி மேல்தான். தன் ப்ராசஸரைப் பார்க்கப் பஸ் ஏறி வந்து, டீயைக் குடித்துவிட்டு உன் பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்திருப்பாளே ஒருத்தி, நீ பொறாமைப்பட்டாயே, அவள் மேல். அவளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவளுக்கு நீ இருந்தாய்.