வாத்தியார் விழுந்த சத்தம்

மார்ச் 3, செவ்வாய்
அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை வகுப்பில் முதல் நாள். சேர்த்துவிட்டது மனைவி. "ஒரு தட்டு கீழ விழுந்தாக்கூட சுவத்தோட ஒட்டிக்கிறீங்க. இப்படியே விட முடியாது" என்றாள். பயிற்சியாளர் ஒரு பெண், என் வயதில் பாதிதான் இருக்கும். பகலில் பல் செட் செய்யும் வேலையாம். முதலில் விழப் பழக வேண்டும் என்றாள். எல்லோரும் பாயில் விழுந்து விழுந்து எழுந்தார்கள். தொப். தொப். என் காதில் ஒவ்வொரு தடவையும் எங்கள் வார்டு வாத்தியார்தான் விழுந்தார்.

மார்ச் 5
எங்கள் மனநல வார்டில் எட்டாம் கட்டில் நோயாளியை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். நவம்பரில் விழுந்தார், மூன்றாம் நாள் இறந்துபோனார். 'ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார்.' வார்டு உதவியாளர் அறிக்கை. எழுதியவன் நான்.

மார்ச் 12
மூச்சை அடிவயிற்றில் நிறுத்தச் சொல்கிறாள் பயிற்சியாளர். நிற்பேனா என்கிறது.

மார்ச் 24, செவ்வாய்
என்னோடு ஜோடி சேர்ந்த பஸ் டிரைவர் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளிவிட்டேன். உருண்டு எழுந்தவர், "என்னண்ணே, போன ஜென்மத்துப் பகையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியாளர் சிரிக்கவில்லை.
"அவர் அடிக்க வரலையே சார். பிடிச்ச கை என்ன கேக்குதுன்னு முதல்ல பாருங்க."
குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 25
எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.
வாத்தியார் என் கையைப் பிடித்தது வாட்சில் மணி பார்க்க. நாலு மணிக்கு அவருடைய அக்கா வருவதாக இருந்தது. பத்து தடவை காட்டிவிட்டேன். பதினோராவது தடவை தள்ளினேன். தரை காய்ந்துதான் கிடந்தது. தண்ணீர் அப்புறம் ஊற்றியது. பக்கெட்டைத் தூக்கிட்டு வந்து நானே ஊத்தினேன். சே, என்ன மனுஷன் நான்?

ஏப்ரல் 7
இன்று ஒரு திருப்பம் பழகினோம். பிடித்தவரை எதிர்க்காமல், அவர் பக்கமாகத் திரும்பி, அவர் பார்க்கும் திசையையே பார்த்து நிற்பது. டிரைவரும் நானும் ஒன்றாக ஜன்னலைப் பார்த்தோம். இரண்டு விநாடி. இவ்வளவுதானா?
முன்பே தெரிந்திருந்தால் — இல்லை. தெரியாமல் தள்ளவில்லை. எரிச்சலில் தள்ளினேன்.

ஏப்ரல் 9
மனைவியிடம் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த சட்டை கையிலேயே நின்றது. "அந்த அக்காவுக்குத் தெரியுமா?" அவ்வளவுதான் கேட்டாள்.

ஏப்ரல் 18, சனி
வாத்தியாரின் அக்கா வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். பக்கெட் வரை சொன்னேன்.
"அன்னைக்கு நான் நாலரைக்குத்தான் வந்தேன்" என்றார். பிறகு, "எங்கிட்ட இறக்கி வச்சிட்டுப் போயிடாதீங்க. உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுங்க."

ஏப்ரல் 20
கொடுத்துவிட்டேன். "முடிஞ்ச விஷயத்தை ஏன்யா கிளறுறே?" என்றார் கண்காணிப்பாளர். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

மே 6
சஸ்பெண்ட். போலீசிலும் வாக்குமூலம். மூச்சு இன்னும் சொன்ன இடத்தில் நிற்பதில்லை. வகுப்புக்குப் போகிறேன்.

ஜூன் 2, செவ்வாய்
விசாரணை. வெளியே ஒரே பெஞ்சுதான். அந்த முனையில் அக்கா, இந்த முனையில் நான். ஒரு மணி நேரம் கழித்து, முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "ஆறு வருஷம் நீங்கதானே கூட இருந்தீங்க. என் தம்பி என்ன பேசுவான்?"
காலையில் குளிக்க மறுத்து வாய்ப்பாடு ஒப்பிப்பதை, பக்கத்துக் கட்டில்காரருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதைச் சொன்னேன். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன்.
"இருங்க," என்றார் அக்கா. "சொல்லி முடிச்சிட்டுப் போங்க."