சூரத்கல் சீட்

ஜூன் 16

சூரத்கல் கிடைத்துவிட்டது. கர்நாடகத்தில், கடலோரக் காலேஜ். மெக்கானிக்கல். குதிக்கத் தோன்றவில்லை. போய் சட்னி அரைத்தேன்.

அம்மா, அவ்வளவு தூரமா என்றாள். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டு முடித்துவிட்டு, "தண்டலத்துல இல்லாத மெக்கானிக்கலா?" என்றார். தண்டலம் காலேஜ் இங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். அதில் எனக்குப் பிடிக்காததே அதுதான்.

ஜூன் 18

சீட்டை ஏற்க நாளை சாயங்காலம் ஐந்து மணி கடைசி. அதோடு சேர்க்க வேண்டிய சாதிச் சான்றிதழ் நாளைக் காலைதான் கைக்கு வரும். ஓடிபியோ அப்பா போனுக்குப் போகும். விண்ணப்பம் போட்டபோது பிரவுசிங் சென்டர் அண்ணன், அப்பா நம்பரைக் கேட்டார், கொடுத்துத் தொலைத்தேன். என் அறிவு!

அப்பா ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனி லைனில் நிற்கிறவர். கேட்டிலேயே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். நாளைக்கு மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

"ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்தானே, மூணு மணிக்கெல்லாம் வூட்ல இருப்பேன்."

ஜூன் 19

அப்பா வரவில்லை. கூப்பிடக் கூப்பிட அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து ஆகிவிட்டது. சீட் போச்சு.

இருட்டிய பிறகு வந்தார். அடுத்த ஷிஃப்டுக்கு ஆளில்லை என்று நிறுத்திவிட்டார்களாம், போன் லாக்கரிலாம். சரிப்பா என்றேன். அழுகை வரும் என்று பாத்ரூமில் போய் நின்றேன். வரல. இன்னா பொண்ணு நானு?

ஜூன் 20

அழுகை இன்னும் வரல.

ஜூலை 6

அப்பாவோடு லைனில் நிற்கும் ஜோதி அண்ணன், மகளுக்குக் காதுகுத்து என்று பத்திரிகை வைக்க வந்தார். அப்பா வெளியே போயிருந்தார். பேச்சுவாக்கில் பத்தொன்பதாம் தேதியைப் பற்றிக் கேட்டேன். அன்றைக்குப் பார்ட்ஸ் வராமல் லைன் நின்றுபோய், மதியமே எல்லாரையும் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம்.

"உங்கப்பாதான் மண்ணூர் டீக்கடையிலயே குந்திகினு இருந்தாரு. போன் அடிச்சிகினே கீது, எடுக்கல. ஒடம்பு சரியில்லியான்னு கேட்டேன். இன்னொரு டீ சொன்னாரு."

அம்மா பக்கத்தில்தான் நின்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். அப்போ... இவளுக்கும் தெரியுமா? கேக்கல. கேட்டு இன்னா ஆவப்போவுது.

ஜூலை 7

அப்பாவுக்கு டிபன் கட்டினேன். லெமன் சாதம்.

ஆகஸ்ட் 25

தண்டலம். முதல் நாள். அப்பா லீவு போட்டுக் கூட வந்தார். வாசலில் அவருடைய சூப்பர்வைசர் புருஷோத்தமன் சார், மகனை விட வந்திருந்தார்.

"சூரத்கல்லயே கெடைச்சுது சார். எங்கள வுட்டுட்டுப் போவ மாட்டேன்னுட்டா."

சொல்லிக்கொண்டே அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். அவரே நம்பிவிட்டார் போலிருக்கிறது.

அப்படியாம்மா என்று சார் என்னைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார்.

"ஆமா சார்" என்றேன்.